கழுத்தையும் மேல் மார்பையும் வெயிலிலிருந்து காப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

முகத்துக்குத் தினமும் சன்ஸ்கிரீன் பூசுகிறவர்களில் பெரும்பாலோர் தாடையோடு கையை எடுத்துவிடுகிறார்கள். சில வருடங்களில் முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், சுடிதாரின் கழுத்து வெட்டுக்குள் தெரியும் இடம் இன்னொரு நிறம் என்று ஆகிவிடுகிறது. அப்போதுதான் பதறிப்போய் ஒரு டியூப் வாங்கி அப்பத் தொடங்குவார்கள். அது சட்டைக் காலரில் கறையாகும், வியர்வையில் பிசுபிசுக்கும், பத்து நாளில் அலமாரிக்குள் போய்விடும்.

இந்த வேலையில் வரிசைதான் முக்கியம். கருப்புக்குக் காரணம் வெயில்தானா என்று முதலில் பார்க்க வேண்டும். அப்புறம் வெயில் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்று தெரிந்துகொண்டு, துணியால் மறைக்க முடிந்ததையெல்லாம் மறைக்க வேண்டும். மிஞ்சிய இடத்துக்குத்தான் சன்ஸ்கிரீன். இரவுப் பராமரிப்பும் நிறத்தைச் சரிசெய்வதும் கடைசியில் வரும். நான் பார்த்தவரை புதிதாகத் தொடங்குகிறவர்கள் கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்கிறார்கள்.

தமிழ்நாட்டு வெயிலில் டூவீலரில் போகிறவர்கள், பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர்கள், களப்பணிக்காரர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு கைக்கண்ணாடி (பிடரியைப் பார்க்க), நெருக்கமாக நெய்த ஒரு துணி, சன்ஸ்கிரீன், வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசர், இரண்டு பருத்திக் கைக்குட்டை, யு.வி. இண்டெக்ஸ் (வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரின் கடுமையைச் சொல்லும் எண்) காட்டும் வானிலைச் செயலி உள்ள போன். சன்ஸ்கிரீனை இன்றைக்கே வாங்க ஓட வேண்டாம். நான்காவது படிக்கு வரும்போது வாங்கினால் போதும். துணியால் எவ்வளவு மறைகிறது என்று தெரிந்த பிறகுதான் எந்த வகை வேண்டும், எவ்வளவு வேண்டும் என்று புரியும்.

1. முதலில், இது வெயில்தானா?

பகல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று தலையை நன்றாக மேலே தூக்குங்கள். மோவாய்க்கு நேர்கீழே, கழுத்தோடு சேரும் இடத்தைப் பாருங்கள். தாடையின் நிழல் எப்போதும் விழும் இடம் அது. அந்த இடம் வெளிறியும், கழுத்தின் பக்கவாட்டும் மேல் மார்பும் கருத்தோ செம்பழுப்பாகவோ இருந்தால் பெரும்பாலும் வெயில்தான் காரணம். ரவிக்கையின் அல்லது சட்டையின் ஓரத்தில் கோடு கிழித்தமாதிரி நிறம் மாறுவதும் அதே அடையாளம்.

மோவாய்க்குக் கீழேயும் கருப்பு இருந்தால், அல்லது பிடரி மடிப்பில்தான் கருப்பு அதிகம் என்றால், வேறு காரணம் தேட வேண்டும்.

பிடரியிலும் கழுத்து மடிப்பிலும் தோல் தடித்து, தடவினால் வெல்வெட் துணிபோல இருக்கிறதா? கூடவே சின்னச் சின்ன மருக்கள் தொங்குகின்றனவா? அக்குளிலும் அதே கருப்பு உண்டா? அது அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸாக இருக்கலாம். உடல் எடை, இன்சுலின் சரியாக வேலை செய்யாமை ஆகியவற்றோடு தொடர்புள்ளது. இதை அழுக்கு என்று நினைத்துப் பீர்க்கங்கூட்டால் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்கிறவர்கள் நம் ஊரில் ஏராளம். குறிப்பாக அம்மாக்கள் பிள்ளைகளின் கழுத்தைத் தேய்ப்பது. தேய்க்கத் தேய்க்க இன்னும் கருக்கும். சர்க்கரை அளவைப் பரிசோதிப்பதுதான் இங்கே முதல் வேலை, க்ரீம் அல்ல.

பார்த்தீனியம் செடியால் வரும் ஒவ்வாமையும் கழுத்தையும் மேல் மார்பையும் தாக்கும். தரிசு நிலம், சாலையோரம், ரயில் பாதை ஓரம் வசிப்பவர்களுக்கு இது வெயில் பாதிப்பு போலவே தெரியும். ஆனால் காற்றில் வரும் துகள் நிழலைப் பார்த்து ஒதுங்காது. மோவாய்க்கு அடியில், காதுக்குப் பின்னால், மேல் இமையில், முழங்கை மடிப்பில் எல்லாம் அரிப்போடு தடித்திருக்கும்.

சங்கிலி உரசும் கோட்டில் மட்டும் அரிப்போடு கருப்பு இருந்தால் கவரிங் நகையில் உள்ள நிக்கலைச் சந்தேகியுங்கள். முடி ஓரத்திலும் காதைச் சுற்றியும் என்றால் தலைச்சாயம். செதிள் உதிரும் வெளிறிய திட்டுகள் என்றால் தேமல். இவை எதற்கும் சன்ஸ்கிரீன் மருந்தாகாது.

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. காரணம் வேறாக இருந்தால் கீழே சொல்லும் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தும் ஒன்றும் மாறாது.

2. வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள்

எல்லோருக்கும் ஒரே மாதிரி வெயில் படுவதில்லை. உங்கள் ஒரு நாள் வழியை மனதுக்குள் ஓட்டிப் பாருங்கள்.

சென்னையில் திருவான்மியூர் பக்கமிருந்து ஓ.எம்.ஆர். வழியாகச் சிறுசேரிக்கு வேலைக்குப் போகிறவர் காலையில் தெற்கு நோக்கிப் போகிறார். கிழக்கு அவருக்கு இடது கைப்பக்கம். மாலையில் வடக்கு நோக்கித் திரும்பும்போது மேற்கும் இடது பக்கமே. ஆக இரண்டு நேரமும் அவருடைய இடது கழுத்துதான் வாங்குகிறது. தாம்பரத்திலிருந்து காலையில் கிண்டிக்கு வந்து மாலையில் திரும்புகிறவருக்கு இரண்டு நேரமும் வலது பக்கம். காலை, மாலை வெயில் சாய்வாக வருவதால் தொப்பியும் ஹெல்மெட்டும் அதை மறைப்பதில்லை. அது நேராகக் கழுத்தின் பக்கவாட்டில் விழுகிறது.

கார் ஓட்டுகிறவர்களுக்கு வலது பக்கம். முன்கண்ணாடி இரண்டு அடுக்குக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது என்பதால் புற ஊதாக் கதிரைப் பெருமளவு தடுத்துவிடும். பக்கக் கண்ணாடி அப்படியல்ல. தோலைச் சுட வைக்கும் யு.வி.-பி கதிரைத் தடுக்கும். ஆழமாக இறங்கித் தோலைத் தளர்த்திக் கருக்க வைக்கும் யு.வி.-ஏ கதிரில் கணிசமான பகுதியை உள்ளே விட்டுவிடும். ஏ.சி. போட்டிருப்பதால் சூடு தெரியாது. அலுவலகத்தில் ஜன்னல் ஓர இருக்கைக்கும் இதே கணக்குதான்.

பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகிறவர்களுக்குப் பிடரியும் முதுகின் மேல் பகுதியும். கொண்டை போடுகிறவர்கள், இரட்டைச் சடை போடும் பள்ளிப் பெண்கள், அப்போதுதான் முடி வெட்டிக்கொண்டு வந்த ஆண்கள் ஆகியோருக்கும் பிடரிதான்.

அடுத்து நேரம். சூடும் புற ஊதாவும் ஒன்றல்ல. கத்திரி வெயிலில் சூடு உச்சத்துக்குப் போவது பிற்பகல் இரண்டு, மூன்று மணிவாக்கில். புற ஊதா உச்சம் சூரியன் தலைக்கு மேல் வரும்போது. சென்னையில் அது சுமார் 12.10, கோவையில் அதற்குப் பத்துப் பதின்மூன்று நிமிடம் கழித்து. மதியம் கடல்காற்று வந்து குளிர்ந்துவிட்டது என்று தைரியமாக வெளியே நிற்பார்கள். காற்று சூட்டைக் குறைக்கும், கதிரைக் குறைக்காது. ஊட்டியில் இது இன்னும் மோசம். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதா சுமார் 10 சதவீதம் கூடும். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. குளிருகிறதே என்று ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு கழுத்தை மட்டும் திறந்துவிட்டுப் படகு சவாரி போனால் அன்று இரவே தெரியும்.

செயலியில் யு.வி. இண்டெக்ஸ் 3 அல்லது அதற்கு மேல் காட்டினால் பாதுகாப்பு வேண்டும். 8 முதல் மிகக் கடுமை, 11 முதல் உச்சம். நம் ஊரில் கோடை நண்பகலில் 11-ஐத் தாண்டுவது சாதாரணம். டிசம்பரிலும் வானம் தெளிந்திருந்தால் 7, 8 என்று காட்டும். போன் கையில் இல்லையென்றால் நிழலைப் பாருங்கள். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் கடுமை என்று வைத்துக்கொள்ளலாம்.

3. துணியால் மறையுங்கள்

மொத்த வேலையில் பாதிக்கு மேல் இங்கேயே முடிந்துவிடும். முகத்தில் பூசியது ஓரளவு நிற்கும். கழுத்தில் பூசியதோ காலரில், துப்பட்டாவில், சங்கிலியில், ஹெல்மெட் வாரில் உரசிப் போய்விடும். போதாததற்கு வியர்வை. துணிக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் மறுபூச்சு வேண்டாம்.

ஆனால் எல்லாத் துணியும் தடுக்காது. துணியின் தடுப்புத் திறனை யு.பி.எஃப். என்ற எண்ணால் சொல்வார்கள். 50 என்றால் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 2 சதவீதம்தான் உள்ளே போகும். மெல்லிய வெள்ளைப் பருத்தி டி-ஷர்ட்டுக்கு இது 5 முதல் 7 வரைதான் வரும். நனைந்தால் இன்னும் குறையும். நாள் முழுக்க வியர்வையில் நனைந்த வெள்ளைச் சட்டையின் நிலை அதுதான். ஷிஃபான், ஜார்ஜெட் துப்பட்டாக்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அழகுக்கு அணியலாம், வெயிலுக்கு ஆகாது.

வீட்டில் சோதிக்கும் வழி எளிது. துணியை ஒற்றை மடிப்பாகப் பிடித்து, பின்னால் விரல்களை விரித்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே காட்டுங்கள். விரல்களை எண்ண முடிந்தால் அந்தத் துணி ஒற்றை மடிப்பில் போதாது. இரண்டாக மடித்து மறுபடி பாருங்கள். நெருக்கமான நெசவு, அடர்ந்த நிறம், இழுபடாத துணி ஆகிய மூன்றும் சேர்ந்தால் நல்லது. அடர்நிறம் சூடு இழுக்கும் என்பது உண்மை. அதனால் தளர்வாகப் போடுங்கள், இறுக்கிச் சுற்ற வேண்டாம்.

இனி யாருக்கு எது:

சேலை கட்டுகிறவர்கள் வெளியே நிற்கும் நேரத்துக்கு முந்தானையைப் பின்னாலிருந்து சுற்றி வலது தோளுக்கும் கொண்டுவந்தால் பிடரியும் கழுத்தின் பக்கங்களும் மறையும். தினமும் வெயிலில் போகிறவர்கள் வேலைக்கான ரவிக்கைகளில் இரண்டு மூன்றைக் காலர் வைத்தோ போட் நெக்காகவோ தைத்துக்கொள்ளலாம். ஆழமான பின்கழுத்து வெட்டைக் கல்யாண வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சுடிதார் அணிகிறவர்கள் பருத்தித் துப்பட்டாவை இரண்டாக மடித்து, நடுப்பகுதி மேல் மார்பில் வரும்படி போட்டு, இரு முனைகளையும் பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொள்ளுங்கள். டூவீலரில் முனைகள் தொங்கவே கூடாது. பின் சக்கரத்தில் துப்பட்டா சிக்கிக் கழுத்தை இறுக்கும் விபத்துகள் நடக்கின்றன. கட்டிய முனையை ஜாக்கெட்டுக்கோ சட்டைக்கோ உள்ளே செருகிவிட்டுத்தான் வண்டியைக் கிளப்ப வேண்டும்.

ஆண்களுக்குக் காலர் சட்டையே போதும், மேல் பட்டனைப் போட்டால். டி-ஷர்ட் போடுகிறவர்கள் குழாய் வடிவ கழுத்துத் துணி வாங்கலாம். அளவு சிறியதாக வாங்கி இழுத்து மாட்டினால் நெசவு விரிந்து கதிர் உள்ளே போகும். ஒரு அளவு பெரியதாகவே எடுங்கள். வயலிலும் கட்டட வேலையிலும் இருக்கிறவர்கள் தலையில் துண்டைப் போட்டு பிடரியில் தொங்கவிடுவது மிகச் சரியான ஏற்பாடு. கடையில் விற்கும் பேஸ்பால் தொப்பிக்கு அந்தத் திறமை இல்லை. அது நெற்றியை மட்டும் காக்கும்.

நடந்து போகிறவர்களுக்குக் குடை. கருப்புக் குடை நேராக வரும் புற ஊதாவில் 90 சதவீதத்துக்கு மேல் தடுக்கும். ஆனால் தரையிலிருந்து எதிரொளித்து வருவதைத் தடுக்காது. உலர்ந்த கடற்கரை மணல் சுமார் 15 சதவீதத்தையும், அலை நுரை சுமார் 25 சதவீதத்தையும் திருப்பி அனுப்பும். மெரினாவில் குடையோடு மட்டும் நின்றால் கழுத்து தப்பாது என்பதற்குக் காரணம் இதுதான்.

4. மிஞ்சிய இடத்துக்கு சன்ஸ்கிரீன் வாங்குவது

இப்போது கண்ணாடி முன் உடுத்தி நின்று பாருங்கள். துணி மறைக்காமல் தெரிவது எவ்வளவு? அதற்குத்தான் வாங்குகிறீர்கள்.

டப்பாவில் மூன்று விஷயம் பாருங்கள். எஸ்.பி.எஃப். 30 அல்லது 50. இது யு.வி.-பி தடுப்புக்கான எண். 30 சுமார் 97 சதவீதமும் 50 சுமார் 98 சதவீதமும் தடுக்கும். 100 என்று அச்சிட்டதற்காக இரட்டிப்பு விலை கொடுக்க வேண்டியதில்லை. அடுத்து பி.ஏ. என்ற எழுத்துக்குப் பக்கத்தில் குறைந்தது மூன்று பிளஸ் குறி. யு.வி.-ஏ தடுப்பைச் சொல்வது இது. கழுத்துக்கு இதுதான் முக்கியம், ஆனால் பெரும்பாலோர் பார்க்காமல் விடுவதும் இதைத்தான். மூன்றாவது, வியர்வைக்கும் தண்ணீருக்கும் தாங்கும் என்ற குறிப்பு. எத்தனை நிமிடம் என்றும் சில டப்பாக்களில் இருக்கும். 40 அல்லது 80.

நம் நிறத்துக்கு ஒரு சிக்கல் உண்டு. ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டைஆக்சைடு அதிகமுள்ளவை கழுத்தில் சாம்பல் பூசியதுபோல வெளுத்து நிற்கும். நிறம் சேர்த்த வகையைத் தேடுங்கள். அதில் உள்ள இரும்பு ஆக்சைடு வெளுப்பை மறைப்பதோடு, கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் ஓரளவு தடுக்கும். பழுப்புத் தோலைக் கருக்க வைப்பதில் அந்த ஒளிக்கும் பங்கு இருக்கிறது. ஆனால் வெள்ளைச் சட்டைக் காலருக்கு நிறம் சேர்த்தது ஒத்துவராது, அங்கே ஜெல் வகை நல்லது.

காலர் கறை பற்றி ஒரு வார்த்தை. துவைத்த பிறகு துருப்பிடித்தமாதிரி மஞ்சள், ஆரஞ்சுக் கறை வந்தால், சன்ஸ்கிரீனில் உள்ள அவோபென்சோன் என்ற வேதிப்பொருள் போர் தண்ணீரில் உள்ள இரும்போடு சேர்ந்து வந்தது அது. பிளீச் ஊற்றினால் கறை இன்னும் ஏறும். துருவை நீக்குவதுபோல எலுமிச்சையும் உப்பும் வைத்து ஊறவிட்டு அலசலாம். எலுமிச்சைக்கு இந்த விஷயத்தில் சரியான இடம் சட்டைக் காலர்தான். கழுத்தில் தேய்ப்பதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். போர் தண்ணீர் வீட்டுக்காரர்கள் அவோபென்சோன் இல்லாத வகையை வாங்குவது நிம்மதி. சில டப்பாக்களில் அதன் பெயர் பியூட்டைல் மெத்தாக்ஸிடைபென்சோயில்மீத்தேன் என்று நீளமாக இருக்கும்.

வாசனை சேர்த்தவற்றையும், 'வெள்ளையாக்கும்' என்று எழுதியவற்றையும் கழுத்துக்கு எடுக்க வேண்டாம். வாங்கியதை முழங்கை உட்பக்கம் மூன்று நாள் பூசிப் பார்த்துவிட்டுக் கழுத்துக்குக் கொண்டுவாருங்கள். கழுத்துத் தோல் மெல்லியது, எண்ணெய்ச் சுரப்பிகளும் அங்கே குறைவு. முகத்தில் ஒன்றும் செய்யாத பொருள்கூட அங்கே எரியும்.

5. பூசும் வரிசை

உடை உடுத்தும் முன், நகை போடும் முன். இதை மாற்றிச் செய்வதால்தான் ரவிக்கை ஓரத்திலும் காலர் விளிம்பிலும் ஒரு விரல் அகலத்துக்குப் பூச்சு படாமல் போகிறது. துணி நகரும்போது அந்தக் கோடு வெளியே தெரியும், அங்கேதான் பட்டையாகக் கருக்கும்.

குளித்து ஈரத்தை ஒற்றி எடுங்கள். தோல் வறண்டிருந்தால் மாய்ஸ்சரைசர் கொஞ்சம் பூசி ஐந்து நிமிடம் விடுங்கள். வியர்க்கும் மாதங்களில் மாய்ஸ்சரைசரே வேண்டாம், சன்ஸ்கிரீனில் இருக்கும் ஈரப்பதம் போதும்.

அளவு: முகத்துக்கு ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனிவரை இரண்டு கோடு. கழுத்து, பிடரி, மேல் மார்புக்குத் தனியாக இன்னொரு இரண்டு கோடு. முகத்துக்கு எடுத்ததில் மிஞ்சியதைக் கழுத்தில் தடவுவதை எல்லோரும் செய்கிறோம். அது கணக்கில் சேராது. டப்பாவில் உள்ள எண் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசிச் சோதித்து வந்தது. பாதி பூசினால் 50 என்பது பாதியாகவோ அதற்கும் கீழாகவோ இறங்கிவிடும். முகம், கழுத்து, மேல் மார்பு எல்லாம் திறந்திருந்து தினம் ஒரு தடவை பூசினாலே 50 கிராம் டியூப் மூன்று, நான்கு வாரத்தில் தீர வேண்டும். ஆறு மாதமாக ஒரே டியூப் ஓடுகிறதென்றால் பூசுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான். செலவு கூடுகிறதே என்றால் மூன்றாவது படிக்குத் திரும்பிப் போய் இன்னும் கொஞ்சம் மறையுங்கள்.

மோவாயைத் தூக்கி, எடுத்ததில் பாதியைப் புள்ளி புள்ளியாக வைத்து முன்கழுத்து, இரு பக்கம், காதுக்குப் பின்னால், காது மடலின் கீழ், பிடரியில் முடி ஓரம் வரை, அப்புறம் காலர் எலும்பும் மேல் மார்பும் என்று பரப்புங்கள். ஐந்து நிமிடம் கழித்து மீதிப் பாதியை அதே வழியில். ஒரேயடியாகப் பூசினால் திட்டுத் திட்டாக நிற்கும், இரண்டு அடுக்கில் விட்டுப்போன இடம் நிரம்பிவிடும். மேலிருந்து கீழா, கீழிருந்து மேலா என்ற சண்டைக்குள் போக வேண்டாம். எங்கும் படுவதுதான் முக்கியம்.

பூசியதும் உடனே சட்டையை மாட்டாதீர்கள். பத்துப் பதினைந்து நிமிடம் காயட்டும். அந்த நேரத்தில் தலைவாரலாம், டிபன் சாப்பிடலாம். பிறகு உடை, அதன் பிறகு நகை. தாலியைக் கழற்றாதவர்கள் சங்கிலியை ஒரு பக்கமாக ஒதுக்கிப் பூசி, காய்ந்ததும் பழைய இடத்துக்கு விடுங்கள். இரவில் சங்கிலியை ஈரத்துணியால் துடைத்தால் பூச்சும் வியர்வையும் சேர்ந்து படியும் பிசுக்கு இருக்காது.

சென்ட்டைக் கழுத்தில் அடிக்காதீர்கள். சில வாசனை எண்ணெய்கள், குறிப்பாக பெர்கமோட் என்ற எலுமிச்சை வகைப் பழத்தின் எண்ணெய், வெயில் பட்டதும் தோலில் வினைபுரிந்து கருந்தடம் போடும். துணியில் அடித்துக்கொள்ளுங்கள். பவுடரும் பாதுகாப்பு ஆகாது. பூச்சு காயும் முன் பவுடர் போட்டால் திரிதிரியாக உருளும்.

ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்கு சன்ஸ்கிரீன் வேண்டாம், நிழலும் துணியும் போதும்.

6. மறுபடி பூசுவது

வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் என்பது விதி. நாள் முழுக்க ஜன்னல் படாத அறைக்குள் இருக்கிறவர் இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் பூசத் தேவையில்லை என்பது என் கருத்து. மதியம் சாப்பிட வெளியே போகும் முன் ஒருதரம், மாலை கிளம்பும் முன் ஒருதரம் போதும். டெலிவரி, விற்பனை, கட்டட மேற்பார்வை போன்ற வேலைக்காரர்களுக்கு விதி விதிதான்.

வியர்வை மேலேயே பூசினால் சேறாகும். கைக்குட்டையால் ஒற்றுங்கள், தேய்க்காதீர்கள். தூசி அதிகம் என்றால் இன்னொரு கைக்குட்டையை நனைத்துத் துடைத்து, காயவிட்டுப் பூசுங்கள். பிடரிக்குக் குச்சி வடிவ சன்ஸ்கிரீன் வசதி, கை அழுக்காகாது. ஒரே இடத்தில் நான்கைந்து தடவை இழுக்க வேண்டும். ஸ்ப்ரே வகையை வெளியில் காற்றில் அடித்தால் பாதி பக்கத்து ஆள் மேல்தான் போகும்.

டியூபை வண்டி டிக்கியிலோ சீட்டுக்கு அடியிலோ வைத்துவிடாதீர்கள். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் அது பிரிந்து நீர்த்துவிடும். எண்ணெயும் தண்ணீருமாக வந்தால் தூக்கிப் போடுங்கள்.

7. இரவில்

மென்மையான சோப்பால் ஒருதரம் கழுவி, ஈரம் முழுதும் காயும் முன் மாய்ஸ்சரைசர். அவ்வளவே போதும். பக்கவாட்டில் ஒருக்களித்தே படுக்கிறவர்களுக்கு மேல் மார்பில் நெடுக்குக் கோடுகள் விழும். அதை வெயில் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

என்றாவது சுட்டுவிட்டால்: பழுப்புத் தோலில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. இழுத்துப் பிடிப்பதும், தொட்டால் சூடாக இருப்பதும், சட்டை பட்டால் வலிப்பதும்தான் அடையாளம். குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியை வையுங்கள். ஐஸ் வேண்டாம். மாய்ஸ்சரைசர் பூசி, இரண்டு மூன்று நாள் துணியால் மூடியே வெளியே போங்கள். கொப்புளம் வந்தால் உடைக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

8. ஏற்கெனவே கருத்திருந்தால்

மேலே சொன்னதை ஒழுங்காக இரண்டு மூன்று மாதம் செய்துவிட்டு இந்தப் படிக்கு வாருங்கள். பாதுகாப்பு இல்லாமல் நிறத்தைக் குறைக்கும் க்ரீம் போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றும் வேலை. புதிதாக ஏறிய கருப்பு பலருக்கு அந்தப் பாதுகாப்பிலேயே மெல்ல மங்கத் தொடங்கும். வருடக்கணக்கில் ஏறியது அவ்வளவு சீக்கிரம் போகாது.

அதற்குப் பிறகும் வேண்டும் என்றால் கருப்பைக் குறைக்க உதவும் நியாசினமைடு அல்லது அசெலைக் அமிலம் கலந்த க்ரீம் ஒன்றில் தொடங்கலாம். ரெட்டினால் (வைட்டமின் ஏ வகைப் பூச்சு) பயன்படுத்த விரும்பினால் கழுத்துக்கும் மேல் மார்புக்கும் சேர்த்து ஒரு பட்டாணி அளவு, வாரம் இரண்டு இரவு, கீழே மாய்ஸ்சரைசர் பூசி அதன்மேல். முகத்துக்கு தினமும் போடுகிறேனே என்று இங்கேயும் தினமும் போட்டுச் சிவந்து உரிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த எரிச்சலே நம் தோலில் புதிய கருப்பை உண்டாக்கும். கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்குத் திட்டமிடுகிறவர்களும் ரெட்டினால் வகைகளைத் தொடவே வேண்டாம்.

எலுமிச்சைச் சாறு தேய்ப்பதை விட்டுவிடுங்கள். அதன் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் தீப்பட்டதுபோல் கொப்பளித்து மாதக்கணக்கில் கருந்தடமாக நிற்கலாம். சர்க்கரை, உப்பு, காப்பித்தூள் ஸ்கிரப்புகளும் உரசலால் கருக்க வைக்கும். தேங்காய் எண்ணெய் இரவில் வறட்சிக்கு நல்லது, பகலில் வெயிலைத் தடுக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, மருந்துக் கடையில் 'கழுத்துக் கருப்புக்கு ஒன்று கொடுங்கள்' என்று கேட்டு வாங்கும் கலவை க்ரீம். பெரும்பாலும் ஸ்டீராய்டும், தோலை வெளுக்க வைக்கும் ஹைட்ரோகுயினோனும் கலந்திருக்கும். முதல் இரண்டு வாரம் பளிச்சென்று தெரியும், அதுதான் வலை. தொடர்ந்தால் தோல் மெலிந்து, இரத்த நாளம் தெரிந்து, மேல் மார்பில் வரிவரியாகத் தழும்பு விழும். ஹைட்ரோகுயினோனை நீண்ட நாள் போட்டால் நீலம் கலந்த கருப்பு நிரந்தரமாகவே தங்கலாம். மருத்துவர் எழுதிக்கொடுத்து, அவர் சொன்ன நாளோடு நிறுத்தினால் மட்டும் சரி.

கழுத்தின் இரு பக்கமும் வலைபோலச் செம்பழுப்பு படர்ந்து, மெல்லிய இரத்தக் கோடுகள் தெரிந்து, மோவாய்க்கு அடியில் மட்டும் தெளிவாக இருந்தால் அதற்கு சிவாட் போய்க்கிலோடெர்மா என்று பெயர். க்ரீமால் பெரிதாக நகராது, லேசர் பற்றித் தோல் மருத்துவரிடம்தான் பேச வேண்டும். பியூட்டி பார்லரில் முகத்துக்குப் போடும் கெமிக்கல் பீலை அப்படியே கழுத்துக்கும் இழுத்துவிடச் சம்மதிக்காதீர்கள். கழுத்துத் தோல் ஆறுவது மெதுவாக, தழும்பும் எளிதில் விழும்.

9. எப்போது தோல் மருத்துவரிடம் போவது

சில வாரமாக ஆறாத புண், தொட்டால் இரத்தம் கசியும் மேடு, உருவமோ நிறமோ மாறிக்கொண்டே வரும் மச்சம் ஆகியவற்றுக்குக் காத்திருக்கக் கூடாது. வெயில் பட்டதும் மேல் மார்பில் சிவந்து தடித்து, கூடவே மூட்டுவலி, அளவுமீறிய சோர்வு, படியேற முடியாத தசைப் பலவீனம் இருந்தாலும் அப்படியே. அது வெயிலோடு நிற்கும் விஷயமாக இருக்காது.

திடீரென்று, முன்பு ஒன்றும் செய்யாத வெயிலே சுடத் தொடங்கினால், புதிதாக எந்த மாத்திரை ஆரம்பித்தீர்கள் என்று யோசியுங்கள். இரத்த அழுத்தத்துக்குத் தரும் ஹைட்ரோகுளோரோதயாசைடு, தொற்றுக்கும் பருவுக்கும் தரும் டாக்ஸிசைக்ளின் போன்றவை தோலை வெயிலுக்குக் கூசவைக்கும். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். மருத்துவரிடம் போகும்போது மாத்திரை அட்டைகளையும், இதுவரை பூசிய எல்லா டியூபுகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். 'ஏதோ மஞ்சள் டியூப்' என்று சொன்னால் அவரால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.